அந்தப் பொண்ணு கையிலதான் குடுப்பேன்

போன வருடம் பங்குனி மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியபோது நானும் அய்யாவும் அங்கே இருந்தோம், அம்மா இல்லை. உச்சிப்புளிப் பக்கம் வாக்கப்பட்டுப் போன அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் இருந்துகொண்டு கோயில் காரியத்துக்கு வரக்கூடாது என்று அம்மா அங்கேயே தங்கிவிட்டார். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு நான் பட்ட பாடு முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரி மிளகாயும் நெல்லும்தான் பிழைப்பு. நேர்ந்துகொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள், திருவிழா முடிந்து பூசாரி அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகலாம். பஸ்ஸில் ஏறக்கூடாது. அவ்வளவு கறாரான கணக்கு.

என் கையில் ஏன் கயிறு என்றால், அது அம்மாவின் நேர்த்திக்கடன். "எம்மகனுக்கு ஒரு நெலையான வேல அமையணும் தாயே, அவன் பால்குடம் எடுப்பான்" என்று என்னைக் கேட்காமலே அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார். வேண்டுவது அம்மா, எடுப்பது நான். அப்படி அம்மா கேட்ட வேலை ஏற்கெனவே என் கையில் இருந்தது என்பதைத்தான் வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் வீடியோ எடிட்டர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். மதுரையில் காலேஜ் முடித்து, சென்னையில் கொஞ்ச காலம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் ஊருக்கே வந்துவிட்டேன். அப்போது சென்னையில் இருந்த ஒரு டைரக்டர் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ராமேஸ்வரம் கடற்கரை மனிதர்களைப் பற்றி ஆறு பாகமாக ஒரு ஆவணத் தொடர். அதை எடுக்கப் பணம் போடும்படி ஒரு ஓடிடி கம்பெனியிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு ஏழு நிமிட மாதிரிப் படம் வேண்டும். அந்த ஏழு நிமிடத்தை வீட்டில் இருந்தபடியே எடிட் செய்வது என் வேலை. கம்பெனி ஒத்துக்கொண்டால் ஆறு பாகத்துக்கும் நான்தான் எடிட்டர், டைட்டிலில் என் பெயர் வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

இதை அய்யாவுக்குப் புரியவைக்க நான் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை.

"என்ன படம்ப்பா அது?" என்றார்.

"இன்னும் எடுக்கலய்யா. எடுக்கப் போறோம்னு காட்டுறதுக்கு ஒரு சின்னப் படம்."

"எடுக்காத படத்துக்கு ஒரு படமா?"

"ஆமா."

"சம்பளம்?"

"இப்பக் கொஞ்சம் தந்திருக்காங்க. கம்பெனிக்காரன் புடிச்சிருக்குன்னு சொன்னா மொத்தமா வரும்."

"புடிக்கலேன்னா?"

நான் சிரித்து மழுப்பினேன். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நம்ம மொளகா போட்ட மாதிரித்தேன்னு சொல்லு. பேஞ்சாக் காசு" என்று வயலுக்குப் போய்விட்டார்.

அம்மாவோ அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. நான் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தால் "சும்மாதான இருக்க, போயி சிலிண்டரு வந்துருக்கான்னு பாரு" என்பார். "சும்மாதான இருக்க, ஆட்ட அங்கன நெழல்ல மாத்திக் கட்டு." ஹெட்போனில் ஒரு காது கேட்காமல் போனபிறகு ஸ்பீக்கரில் போட்டுத்தான் வேலை செய்தேன். அடுப்படிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அந்த ஏழு நிமிடத்தின் சத்தம் வீடு முழுக்க நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். மேடம் போனில் பேசுவதும் ஸ்பீக்கரில்தான். "பேக்ரவுண்ட்ல என்ன சத்தம்? கோழியா? ப்ளீஸ், வேற ரூமுக்குப் போங்களேன்" என்பார் அவர். வேறு ரூமுக்கு நான் எங்கே போவது?

வேலையும் லேசாக இல்லை. நான் ஒன்று அனுப்புவேன். மேடம் நான்கு மாற்றம் சொல்வார். அதைச் செய்து அனுப்பினால் மும்பையில் இருக்கிற தயாரிப்பாளர் அந்த நான்கையும் பழையபடி மாற்றச் சொல்வார். "இன்னும் எமோஷனலா வேணும்" என்பார்கள். எமோஷனலாகச் செய்தால் "ரொம்ப டிராமாவா இருக்கு, ராவா வேணும்" என்பார்கள். கடலை மேலிருந்து காட்டு, இல்லை, கீழே இருந்தே காட்டு. நான் ஃபைலுக்குப் பெயர் வைக்க வழி தெரியாமல் "கடைசி", "கடைசிக்கும் கடைசி", "சத்தியமாகக் கடைசி" என்று வைத்துக்கொண்டு போனேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருந்தது. பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் ஒரு அம்மா, விரல்களில் துணி சுற்றியபடி தண்ணீரிலிருந்து எழுந்து வருவார். "பயமா இருக்காதா?" என்று கேமராவுக்குப் பின்னால் இருந்து யாரோ கேட்பார்கள். அந்த அம்மா மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, "பயந்தா பசிக்காதாக்கும்?" என்பார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் படத்தைத் தொடங்கியிருந்தேன். கடைசி நேரத்தில் மும்பையிலிருந்து குறிப்பு வந்தது: சிரிப்பு படத்தின் கனத்தைக் குறைக்கிறது, எடுத்துவிடவும். அந்த அம்மா சும்மா கடலைப் பார்க்கட்டும், பின்னால் வயலின் வரட்டும். மேடத்திடம் வாதாடிப் பார்த்தேன். "எனக்கும் பிடிச்ச இடம்தான். ஆனா காசு போடறவங்க சொல்றாங்க, என்ன பண்றது?" என்றார். எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு வயலினைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

அப்போதுதான் மேடத்தின் போன் வந்தது. ஓடிடி கம்பெனியின் பெரிய அதிகாரி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிறாராம். அடுத்த மாதம் மும்பையில் நடக்கவேண்டிய கூட்டத்தை அங்கேயே ஹோட்டலில் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். நாள், வருகிற செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊரில் பால்குடம் எடுக்கிற செவ்வாய்க்கிழமை.

"உங்க ஊர்ல இருந்து பக்கம்தானே? நீங்களே நேர்ல வந்துடுங்க. அவங்க ஏதாவது மாத்தச் சொன்னா அங்கேயே மாத்திக்கலாம்" என்றார் மேடம்.

"மேடம், என்னால வர முடியாது. காப்புக் கட்டியிருக்கு."

"கைல ஃப்ராக்சரா?"

"இல்ல மேடம், சாமிக் காப்பு. ஊரைத் தாண்டக் கூடாது."

"யாராவது தடுக்கறாங்களா? நான் வேணா பேசட்டுமா?" என்றார். யாரிடம் பேசுவார்? மாரியாத்தாவிடமா? படித்த பையன், ஒரு கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அதை அவிழ்த்துவிட்டு அய்யா முகத்திலும் ஊர் முகத்திலும் முழிக்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை. வேலை கிடைக்கவேண்டும் என்று கட்டிய கயிற்றை வேலைக்காகவே அவிழ்த்து, ஒருவேளை வேலை கிடைக்காமல் போனால்? காலேஜ் படிப்பு எனக்குக் கைகொடுக்காத இடம் அது.

கடைசியில் மேடம், படமும் மொத்தப் பதிவுகளும் இருக்கும் ஹார்டு டிஸ்கையாவது அனுப்பச் சொன்னார். ஹோட்டல் இணையத்தை நம்ப முடியாது. எங்கள் ஊர் இணையத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், திருவிழாக் கொட்டகைக்குக் குழி தோண்டியவர்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டியிருந்தார்கள். "அதுல இருக்கறது எதுக்கும் வேற காப்பி கிடையாது. தொலைஞ்சா எல்லாம் போச்சு. என் கையில தவிர வேற யார் கையிலயும் போகக் கூடாது" என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யாரை அனுப்புவது? ஊரில் பாதிப் பேர் கையில் கயிறு. மீதிப் பேர் பந்தல், சமையல் என்று அலைந்தார்கள். அய்யா திருவிழாக் கமிட்டி. அப்போதுதான் காப்புக் கட்டும்போது ஊரில் இல்லாத அம்மா ஞாபகம் வந்தது. மினி பஸ் கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் டிஸ்கைக் கொடுத்துவிட்டால் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அம்மா வாங்கிக்கொள்வார். அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் கேட்டுக் கேட்டே போய்வருகிறவர்.

போனில் எல்லாம் சொன்னேன். ஹோட்டல் பெயரை நான்கு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பிறகு, மேடம் எனக்குச் சொன்னதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

"அந்த மேடம் கையில மட்டும்தாம்மா குடுக்கணும். வேற எவன் கேட்டாலும் குடுத்துறாத."

"அம்புட்டு மொதலா இருக்கு அதுல?"

"ஆமாம்மா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"சரிய்யா. உசுரு போனாலும் குடுக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கண்டக்டர் கொடுத்துவிட்டார், அம்மா வாங்கிவிட்டார். பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திக் கடலைப் படம் பிடிக்கிற கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது என்று ஒரு போன். "அக்காமடம் தாண்டிட்டேன், நீ போயிப் பால்கொடத்தத் தூக்கு" என்று இன்னொரு போன். நான் நிம்மதியாகப் போனை வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு போய் வரிசையில் நின்றேன்.

இதற்கு மேல் ராமேஸ்வரத்தில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. அம்மா சொன்னது பாதி, மேடம் சொன்னது பாதி.

அம்மா ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மேடம் உள்ளே அந்த அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தார். வரவேற்பறைக்கு வந்தவன் மேடத்தின் உதவியாளர் பையன். அரை டவுசர், ஒற்றைக் காதில் கடுக்கன்.

"அம்மா, டிஸ்க் கொண்டு வந்திருக்கீங்களா? குடுங்க."

"நீ ஆருப்பா?"

"மேடத்தோட அசிஸ்டென்ட்."

"அந்தப் பொண்ண வரச் சொல்லு. அந்தப் பொண்ணு கையிலதான் குடுப்பேன்."

"மேடம் மீட்டிங்ல இருக்காங்கம்மா. வர முடியாது."

"பேசி முடியட்டும். நான் இங்கனயே உக்காந்துருக்கேன்."

அவன் கெஞ்சியிருக்கிறான். அவனும் மேடமும் சேர்ந்து நிற்கிற போட்டோவைப் போனில் காட்டியிருக்கிறான். "எம்மகங்கூடத்தேன் போன்ல நடிகைகளோட நிக்கிறாப்ல படம் வச்சுருக்கான்" என்றிருக்கிறார் அம்மா. (வெட்டி ஒட்டியது. எடிட்டிங் படிக்கும்போது விளையாட்டாகச் செய்தது.) மேனேஜர் வந்து பேசியிருக்கிறார். பேசப் பேச அம்மா பையை முந்தானைக்குள் இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அந்தப் பையன் எனக்கு விடாமல் போன் அடித்திருக்கிறான். நான் தலையில் பாலோடு, சட்டையில்லாமல், கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

உள்ளே வேறு வழியில்லாமல் மேடம் தன் லேப்டாப்பில் இருந்த பழைய பதிப்பைப் போட்டுவிட்டார். பாதி வேலைகூட முடியாத, அந்தச் சிரிப்பைச் சேர்ப்பதற்கும் முந்திய பதிப்பு. நடுவில் ஒரு இடத்தில் கறுப்புத் திரையில் "இங்கே டிரோன் ஷாட் வரும்" என்று எழுத்து. பின்னணிக் குரலுக்கு ஆள் கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று நானே கரகரவென்று பேசியிருந்தேன், அதில் ஒரு இடத்தில் எங்கள் ஆடு வேறு கத்தும். அந்த அதிகாரி பார்த்துவிட்டு, "இதுதானா ஃபைனல்?" என்று கேட்டாராம்.

மேடம் வெளியே ஓடி வந்தார். அங்கே அம்மா உட்கார்ந்திருக்கிறார். சுற்றி நான்கு பேர்.

"அம்மா, நான்தான் அந்த டைரக்டர். சீக்கிரம் குடுங்க, ப்ளீஸ்."

அம்மா மேலும் கீழும் பார்த்திருக்கிறார். பிறகு, "எங்க, 'இன்னொரு வாட்டி மாத்துங்க, ப்ளீஸ்'னு சொல்லு" என்றாராம்.

"என்னது?"

"எம்மகங்கிட்ட போன்ல தெனமும் சொல்லுவியேம்மா. மொகத்த நான் கண்டதில்ல. கொரல் தெரியும். சொல்லு."

மேடம் சொன்னார். அத்தனை பேர் முன்னாலும், அந்த அவசரத்திலும், "இன்னொரு வாட்டி மாத்துங்க, ப்ளீஸ்" என்று என்னிடம் எத்தனையோ நாள் சொன்ன அதே தினுசில் சொன்னார். அம்மா உடனே பையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

மேடம் அம்மாவைக் கையோடு உள்ளே கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். புதுப் பதிப்பு ஓடத் தொடங்கியது. பாசி எடுக்கும் அந்த அம்மா தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறார், கடலைப் பார்க்கிறார், வயலின். எங்கள் அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சத்தமாகவே கேட்டாராம்:

"சிரிப்பு எங்க?"

அறையில் எல்லோரும் திரும்பியிருக்கிறார்கள்.

"இந்த எடத்துல ஒரு பொம்பள சிரிக்கும். 'பயந்தா பசிக்காதாக்கும்'னு சொல்லும். அடுப்படியில நின்னு தெனமும் கேப்பேன். இவதானா அது? இவ ஏன் இப்பச் சிரிக்கல?"

மேடம் அதை இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி புன்னகைத்தார். மும்பையிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளர் போனைப் பார்த்துக்கொண்டார். படம் முடிவதற்கு முன்பே அதிகாரியின் அம்மா தீர்த்தமாடக் கிளம்பிவிட்டதாக ஆள் வந்து சொல்ல, அவர் எழுந்துவிட்டார். "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்." அவ்வளவுதான்.

சாயங்காலம் மேடம் போனில் இதையெல்லாம் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. காப்பின் மேல், கேபிளைத் தோண்டியவர்கள் மேல், சொன்னதைச் சொன்னபடி செய்த அம்மா மேல். "அந்தப் பையன் கையில குடுத்திருக்கலாம்ல" என்று புலம்பினேன். மேடம்தான், "விடுங்க, யார் கையிலயும் குடுக்காதேன்னு சொன்னது நான்தான்" என்றார். "நீங்க சிரிப்ப எடுக்க வேண்டாம்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. மிகவும் ரசித்தோம், இப்போதைக்கு எங்களுக்குப் பொருந்தாது, வாழ்த்துகள். புதுப் பதிப்பை முழுசாகப் பார்த்திருந்தால் வாங்கியிருப்பார்களா, சிரிப்பு இருந்திருந்தால் வாங்கியிருப்பார்களா, எனக்குத் தெரியாது. தொடர் நின்றுபோனது. டைட்டில் இல்லை, பெயர் இல்லை.

அதற்குள் கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். உச்சிப்புளிக்குப் போனேன். அம்மா பிள்ளைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். நான் சொல்லும் முன்பே முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கலயா?" என்றார்.

"இல்லம்மா."

"சிரிச்சவளப் போயி அழுமூஞ்சியாக்கி வச்சா எவன் வாங்குவான்? நாம்பாட்டுக்கு அவ சிரிப்பான்னு பாத்துக்கிட்டே இருக்கேன், கடைசி வரைக்கும் சிரிக்கல."

எனக்குக் கோபமாகப் பேசத்தான் வாய் வந்தது. ஆனால் அலசிய துணிகளை வாங்கிக் கொடியில் போட்டேன். நான் ஹெட்போனில்லாமல் ஓட்டிய அத்தனை பதிப்பையும், பார்த்தே இராத ஒரு பெண்ணின் சிரிப்பை வைத்து அம்மா அடையாளம் வைத்திருந்தார். 'சும்மாதான இருக்க' என்று சொல்லிக்கொண்டே.

"அந்த ஓட்டல்காரன்தேன் மோசம்" என்று அம்மாவே தொடர்ந்தார். "எதாச்சும் வாங்குனாத்தேன் அந்த மெத்தையில உக்காரலாமாம். வெளிய போன்னுட்டா அந்தப் பொண்ணு வந்தாத் தெரியாம போயிருமே. சரி, ஒரு காப்பி குடுப்பான்னேன். கைப்பு. சீனியத் தனியாப் பொட்டலத்துல வச்சுருக்கான், அத எனக்கு ஆரும் சொல்லல."

"எவ்வளவும்மா?"

"அது கெடக்கு."

"சொல்லும்மா."

அம்மா துணியை முறுக்கிப் பிழிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பிள்ளைக்கு நாப்கின் வாங்க அக்கா கொடுத்து வைத்திருந்த காசு அது.

இப்போதும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன், இப்போதும் மாற்றம் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். ஆனால் என் வேலையையும் ஒரு வேலை என்று நம்பி எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவர் செய்த செலவு மட்டும் எனக்கு மறப்பதில்லை: வரியோடு சேர்த்து இருநூற்று முப்பத்தாறு ரூபாய்.